துடக்குக் காத்த காவலாளி

1

இன்று அப்பாவின் ஆட்டத்திவசம். அவர் போய் ஒரு வருடம். காலையில் கோயிலில் ஐயர் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, வாசலில் குவிந்து கிடந்த சப்பாத்துகளுக்குள் என்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டு காருக்கு வந்தேன். தொலைபேசியைத் திறந்தால் குடும்ப வட்ஸ்அப் குழுவில் தம்பி எழுதியிருக்கிறான். ஊரில், இணுவில் வீட்டில், அப்பாவின் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள். படத்தின் கீழே இப்படி: "வெளிநாட்டில இருந்தும் முப்பத்தொரு நாளும் துடக்குக் காத்தவர் எங்கட அண்ணை. இந்தக் காலத்தில ஆர் உப்பிடிச் செய்யினம்?" அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். பெரியம்மா "நல்ல பிள்ளை" என்று குரல் பதிவே அனுப்பியிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரை ஸ்டார்ட் பண்ணாமல், மூச்சுப் பட்டுக் கண்ணாடி வெளுக்கும்வரை அப்படியே இருந்தேன். தம்பியில் பிழையில்லை. அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. அந்த முப்பத்தொரு நாளில் நான் காத்த துடக்கால், அந்தச் சாவுத் தீட்டால், ஒரு மனிதன் எட்டு மாதம் கூடுதலாகச் சிறையில் கிடந்தான்.

2

நான் சிறைக் காவலாளி. அப்பா ஊரெல்லாம் "மகனுக்குக் கனடாவில அரசாங்க உத்தியோகம்" என்றுதான் சொல்லித் திரிந்தார். அரசாங்க உத்தியோகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் இருந்து புறப்பட்டு, ஆற்றைத் தாண்டி வடக்கே கொஞ்ச நேரம் ஓடினால் சிறை வரும். பெயர் வேண்டாம். நான் பிரதான வாசலில் நிற்பவன். உள்ளே போகும் ஆட்களையும் சாமான்களையும் சோதிப்பது வேலை.

இந்த நாட்டின் சிறைகளில் பூர்வகுடி மக்கள் நிறையப் பேர். அவர்களுடைய ஊர்களில் பார்த்தால் ஆட்கள் கொஞ்சம், இங்கே பார்த்தால் பிளொக் நிறைய. அவர்களைப் பழைய முறைப்படி சுகப்படுத்த ஒரு திட்டம் இருக்கிறது. வெளியில் இருந்து ஒரு மூத்தவர் வருவார். "மூத்தவர்" என்பது இங்கே வயதைச் சொல்வதல்ல. சம்பளப் பட்டியலில் உள்ள பதவிப் பெயர். எங்கள் சிறைக்கு வந்தவர் லொரெயின். அறுபது வயதிருக்கும், கட்டையான பெண், நடக்கும்போது ஒரு கால் கொஞ்சம் இழுக்கும், யாருக்கும் தேவையில்லாமல் சிரிக்கமாட்டார்.

சிறைத் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு மூலையில் வியர்வைக் குடில் இருக்கிறது. வளைத்துக் கட்டிய கம்புகள், மேலே தறப்பாள், குனிந்துதான் உள்ளே போகலாம். வெளியே நெருப்பில் கற்களைச் சிவக்கச் சூடாக்கி உள்ளே கொண்டுபோய், தண்ணீர் ஊற்றி, இருட்டில், ஆவிக்குள் இருந்து பாடுவார்கள், பிரார்த்திப்பார்கள், அழுவார்கள். உள்ளே போய் வந்த சிலரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். வகுப்பு, விரிவுரை, கைநூல் என்று சிறை நடத்தும் வேறெந்த நிகழ்ச்சியிலிருந்தும் ஆட்கள் அந்த முகத்தோடு வெளியே வந்ததில்லை.

வரவேற்பறையில் இதைப் பற்றிப் பளபளவென்று ஒரு கைநூல் இருக்கிறது. அட்டையில் கழுகு இறகு. ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த நிலம் யாருடையது என்று ஒரு நிமிடம் வாசித்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பார்கள். ஆனால் குடிலுக்கு விறகு வேண்டுமென்றால் மூன்று கையெழுத்து. நெருப்பு மூட்ட ஒவ்வொரு முறையும் புதிய அனுமதி. கற்களை ஒருமுறை ஆயுதமாகலாம் என்று வாசலில் மறித்து வைத்தார்கள். சடங்கு நடுவில் ஆள் எண்ணும் நேரம் வந்தால், குடிலின் தறப்பாளைத் தூக்கி டோர்ச் அடித்து எண்ணிய மேதாவியும் எங்களிடம் உண்டு. இதற்கும் கைநூலில் பெயர் மறுவாழ்வுதான்.

லொரெயின் ஒவ்வொரு தடவையும் ஒரு மூட்டை கொண்டுவருவார். மான்தோலில் சுற்றியது. உள்ளே காய்ந்த இலைகள், பின்னிய வாசனைப் புல், புகையிலை, ஓர் இறகு, ஒரு குழாய். மூட்டைக்கென்று விதி உண்டு, எழுத்திலேயே உண்டு: அவர்தான் அவிழ்ப்பார், காவலர் பார்ப்பார், கை வைக்கமாட்டார். மற்றவர் கை பட்டால் அது சடங்குக்கு உதவாது. திரும்பச் சுத்தி செய்யவேண்டும்.

3

ஆறு வருடம் அந்த மூட்டையை நான் தொட்டதில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். லொரெயின் அவிழ்ப்பார், நான் பார்ப்பேன், தலையாட்டுவேன், அவர் கட்டுவார். நாங்கள் பேசியதெல்லாம் "பொன்ஜூர்", "குளிர்" என்பதற்கு மேல் போனதில்லை.

நான் கை கட்டி நின்றதற்கு விதி மட்டும் காரணமில்லை. ஊரில் சண்டைக் காலத்தில் அம்மா செத்தபோது எனக்குப் பதினேழு வயது. அவருடைய சாம்பலைக் கடலில் கரைக்க அப்பாவும் நானும் சைக்கிளில் கொண்டுபோனோம். காவலரணில் ஆமிக்காரன் மறித்தான். சட்டியில் கட்டியிருந்த வெள்ளைத்துணியை அவிழ்க்கச் சொன்னான். அப்பா அவிழ்த்தார். அவன் ஒரு தடியை எடுத்து உள்ளே விட்டுக் கிளறினான். எலும்பு சட்டியில் பட்டுச் சத்தம் கேட்டது. அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஆமிக்காரன் கொடூரமானவனும் இல்லை, என்னைவிட நாலைந்து வயது மூத்தவனாக இருந்திருப்பான். அவனைக் கொல்லவேண்டும் என்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. இந்தக் கதையை மொன்றியலில் நான் சொல்லாத ஆளில்லை. என் மகள் மிதுஷாவுக்குச் சிறுவயதிலிருந்து சொல்லியிருக்கிறேன்.

4

அப்பா போன அன்று என் பாஸ்போட் புதுப்பிக்கும் அலுவலகத்தில் கிடந்தது. அவசரம் என்றேன். மரணச் சான்றிதழ் கேட்டார்கள். தம்பி அனுப்பினான். தமிழில் இருக்கிறது, மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்கள். மொழிபெயர்ப்பு வந்த அன்று அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. மூத்த மகன் நான் வைக்கவேண்டிய கொள்ளியைத் தம்பி வைத்தான். நான் சமையலறை மேசையில் தொலைபேசியைச் சீனிப்போத்தலில் சாய்த்துவைத்துப் பார்த்தேன். நடுவில் படம் உறைந்து நின்றது.

லீவு முடிந்து வேலைக்குப் போனால், முதல் நாளே பொறுப்பதிகாரி துக்கத்துக்கு விட்ட தாடியை எடுக்கச் சொன்னார். நச்சுவாயு முகமூடி தாடிக்குமேல் ஒட்டாதாம். பாதுகாப்பு விதி. ஆறாம் நாளே மழித்தேன். திருநீறு நான் வழமையாகவே கார் கண்ணாடியில் பார்த்துத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். சேர்ந்த புதிதில் ஒருவன் நெற்றியைக் காட்டி "மாவு பட்டிருக்கு" என்று சிரித்ததற்குப் பிறகு அப்படித்தான். ஆக, கொள்ளியும் இல்லை, தாடியும் இல்லை, திருநீறும் இல்லை. என்னிடம் மிச்சமிருந்தது ஒன்றுதான்: துடக்கோடு புனிதமான எதற்கும் கிட்டப் போகமாட்டேன், கோயில் படி மிதிக்கமாட்டேன். அதையாவது அப்பாவுக்காகச் சரியாகச் செய்வோம் என்று பிடிவாதமாக இருந்தேன்.

இருபதாம் நாளோ இருபத்தோராம் நாளோ, காலையில் லொரெயினின் பழைய வான் வண்டி வாகனத் தரிப்பிடத்தில் நுழைவதைக் கண்டேன். அது புனித மூட்டை. நான் துடக்குக்காரன். அதன்மேல் குனிந்து பார்க்கவும் கூடாது, என் மூச்சும் படக்கூடாது. இங்கே வேறெந்தக் காவலாளிக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. பக்கத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஸ்கானர் மெசினில் ஸ்டெபான் நின்றான். புதியவன், தகுதிகாண் காலம் முடியாதவன். வயிற்றுவலி, கொஞ்சம் இடம் மாறுவோம் என்றேன். அவன் சந்தோஷமாக வந்து நின்றான்.

மூட்டையைத் தொடாதே என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், பிறகேன் நீயே செய்யவில்லை என்று கேட்பான். அதற்குத் துடக்கு என்றால் என்ன என்று விளக்கவேண்டும். பிறகு உணவறையில் அதை வைத்து ஒரு கிழமை சிரிப்பார்கள். அவனுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள் என்று என்னை நானே சமாளித்தேன். பயிற்சியில் சொல்லவில்லை.

லொரெயின் மூட்டையை மேசையில் வைத்து முடிச்சில் கை வைக்குமுன் ஸ்டெபான் அதைத் தன் பக்கம் இழுத்தான். கையுறை போட்ட விரல்களால் அவிழ்த்தான். இலைகளைக் கசக்கி மணந்து பார்த்தான். இறகை எடுத்து உதறினான். புகையிலைப் பையைக் கவிழ்த்துக் கொட்டி, விரலால் கிளறினான். எல்லாம் ஏழெட்டு அடி தூரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். எனக்குச் சட்டியில் எலும்பு பட்ட சத்தம் கேட்டது. வாயைத் திறந்தால் போதும். நான் திறக்கவில்லை.

லொரெயின் கத்தவில்லை. கொட்டியதைத் துகள் துகளாகக் கூட்டி அள்ளினார். கட்டினார். ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஆறு வருடம் கை கட்டி நின்றவனை. பிறகு வானில் ஏறிப் போய்விட்டார்.

குடிலில் விடியற்காலையிலேயே நெருப்பு மூட்டியாகிவிட்டது. பனிக்கு மேலால், மதிலுக்குப் பின்னால், அந்தப் புகை பின்னேரம்வரை எழும்பிக்கொண்டே இருந்தது.

5

அந்த நெருப்பைக் காத்தவன் பெயர் சைமன். வடக்கே குரீ என்ற பூர்வகுடியினரின் ஊரொன்றைச் சேர்ந்தவன், நாற்பது வயது. குடிவெறியில் ஒருவனை அடித்து நடக்கமுடியாமல் ஆக்கியவன். அவன் செய்தது சின்னப் பிழை என்று நான் சொல்லமாட்டேன், அவனும் சொன்னதில்லை. மூன்று வருடம் லொரெயினோடு இருந்து குடியையும் கையையும் அடக்கக் கற்றிருந்தான். காட்டோரத்தில் சிறைக்கு வெளியே ஒரு சுகப்படுத்தும் இல்லத்தில் அவனுக்குக் கட்டில் ஒதுக்கியிருந்தார்கள். அவனை அங்கே விடலாமா என்று அடுத்த கிழமை விசாரணை. அதற்கு முன் அவனுடைய சுகப்படுத்தல் திட்டத்தின் கடைசிச் சடங்கு அன்றைக்கு. முந்தின நாளிலிருந்து சாப்பிடாமல் இருந்தான்.

பின்னேரம் பொறுப்பதிகாரி ஒரு தாளை நீட்டினார். "மூத்தவர் சோதனைக்கு ஒத்துழைக்காமல் வெளியேறினார்." சாட்சியாக நான் கையெழுத்து வைக்கவேண்டும். ஸ்டெபான் தகுதிகாண் காலத்தில் இருக்கிறான், வேலை போய்விடும், பாவம் என்றார். பிறகு மெதுவாக, விசாரணை வந்தால் நீ ஏன் இடம் மாறினாய் என்றும் கேட்பார்கள், வயிறு இப்போது எப்படி என்றார். வைத்தேன். என் பெயரை அழகாக, முழுதாக எழுதினேன்.

அந்த ஒரு கையெழுத்து செய்த வேலையைக் கேளுங்கள். லொரெயினின் நுழைவு அனுமதியை "மீளாய்வு" என்று நிறுத்திவைத்தார்கள். சடங்குகள் எல்லாம் நின்றன. சைமனின் கோப்பில் "திட்டம் பூர்த்தியாகவில்லை" என்று ஏறியது. விசாரணை தள்ளிப்போனது. கட்டில் வேறொருவருக்குப் போனது. வரவேற்பறையில் கைநூல் மட்டும் புதிதாக அச்சடித்து வந்தது.

நான் வீட்டுக்குப் போய் முப்பத்தொரு நாளையும் பிசகாமல் முடித்தேன்.

6

ஒருநாள் கோயில் அன்னதானத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் பேச்சுவாக்கில் சிறையில் உள்ள பூர்வகுடிகளைப் பற்றிச் சொன்னேன். "அவங்களுக்கு எல்லாம் சும்மா கிடைக்குது, குடிச்சுப்போட்டுக் கிடக்கிறாங்கள்" என்றார், சோற்றைக் குழைத்தபடி. ஊரில் தன் நிலம் போன கதையை அரைமணி நேரம் எனக்குச் சொன்ன அதே வாய். எழும்பிக் கத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் கையெழுத்து வைத்தவன் எந்த முகத்தோடு கத்துவது? பாயசத்தைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஏப்ரலில் மிதுஷா கல்லூரியால் வந்து, பையைக்கூட வைக்காமல் சமையலறைக்குள் நின்றாள். பதினெட்டு வயது. எங்களோடு தமிழ் அரைவாசி, பிரெஞ்சு அரைவாசி. சிநேகிதிகளோடு சிரிப்பதெல்லாம் பிரெஞ்சில். நான் அவளிடம் பேசுவது சாப்பாடு, குளிர், கார்த் திறப்பு என்று சுருங்கி வருடங்களாகிவிட்டது. அன்று வகுப்புக்கு ஒரு பூர்வகுடிப் பெண் வந்து சிறைச் சடங்குகள் பற்றிக் கதைத்தாராம். வாசலில் மூட்டையைக் கொட்டிக் கிளறினதைச் சொன்னாராம். கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் சொன்னாராம்.

"அப்பா, அது உங்கட இடமா?"

ஓம் என்றேன். கண்ணாடிக்குப் பின்னால் நின்றது நான் என்றும் சொன்னேன். கையெழுத்தையும் சொன்னேன். துடக்கையும் சொன்னேன், அது ஏதோ மன்னிப்புச் சீட்டுப் போல.

அவள் பிரெஞ்சில் ஏதோ தொடங்கி, நிறுத்தி, தமிழில் தேடித் தேடிச் சொன்னாள்: "அப்பம்மாவின்ர சாம்பலை ஆமி கிண்டினதை எனக்கு எத்தனை தரம் சொன்னீங்கள்? நான் சின்னப் பிள்ளையில அதைக் கேட்டு அழுதிருக்கிறன். நீங்கள் எதுக்கு அதைச் சொன்னீங்கள்?"

மூன்றாம் நாள் மேசையில் ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. லொரெயின் கிழமைக்கு ஒருநாள் எங்கே வருகிறார் என்று வகுப்புக்கு வந்த பெண்ணிடம் கேட்டு எடுத்த விபரம், அவளுடைய கையெழுத்தில். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு சமூக நிலையத்தின் அடித்தளம்.

7

லொரெயின் அங்கே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார், மதியச் சாப்பாட்டுக்கு. என்னைக் கண்டதும் கத்தியை வைக்கவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா செத்தது, முப்பத்தொரு நாள், எங்கள் வழக்கம், ஏன் இடம் மாறினேன், ஏன் ஸ்டெபானுக்குச் சொல்லவில்லை, தாள். என் ஆங்கிலம் இடையில் முறிந்தது. அவர் சீவிக்கொண்டே கேட்டார். சொல்லி முடித்ததும் கிழங்கைத் தண்ணீருக்குள் போட்டார்.

"செத்த வீட்டுக்காரர் சில சாமான்களுக்குக் கிட்டப் போகக்கூடாது என்று எனக்குத் தெரியாதா?" என்றார். "எங்கள் ஆட்களிலும் அது உண்டு. 'இன்றைக்கு நான் கிட்ட வரக்கூடாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உன்னை மூன்றடி தள்ளி நிற்கச் சொல்லி, நானே அவிழ்த்து, தூக்கிக் காட்டியிருப்பேன். அந்தக் கட்டடம் முழுக்க அது விளங்கக்கூடிய ஒரே ஆள் நான். என்னிடம்தான் நீ மறைத்தாய்."

ஆறு வருடம். சிரிப்பார்கள் என்று பயந்து திருநீற்றை அழித்தவன், சிரிக்கவே மாட்டாத ஒருத்தியிடமும் அதையே செய்திருக்கிறேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. முதல்முறையாக அவருடைய குரல் உயர்ந்ததை அன்றுதான் கேட்டேன். "என்னிடம் கேட்காதே. நெருப்பைக் காத்தவனிடம் கேள். அதற்கு முதல் அந்தத் தாளைச் சரிசெய்."

8

கடிதத்தை நானே பிரெஞ்சில் எழுதினேன். மிதுஷா பிழை திருத்தினாள். வயிற்றுவலி என்று பொய் சொன்னதையும் போடவேண்டுமா என்று கேட்டேன். "போடுங்கோ" என்றாள், திரையிலிருந்து கண் எடுக்காமல். போட்டேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதைதான், எந்த நாட்டு அலுவலகமானாலும். கடிதம் கிடைத்தது என்று ஒரு கடிதம். என்னை இரண்டு தரம் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஸ்டெபானுக்கு வேலை போகவில்லை. பொறுப்பதிகாரி பயமுறுத்தியது சும்மா. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. வாசலிலிருந்து எடுத்து, கைதிகளின் சாமான் அறையில் போட்டார்கள். தண்டனை என்று சொல்லவில்லை, பணி மாற்றம் என்றார்கள். ஜூன் மாதம் லொரெயின் திரும்ப உள்ளே வந்தார். சைமனின் கோப்பைத் திருத்த இன்னும் மூன்று மாதம் பிடித்தது. ஒரு வரியை ஏற்ற ஒரு பின்னேரம், அதை எடுக்க ஒரு கோடைகாலம்.

அக்டோபரில், இல்லத்துக்குப் போக சைமன் சாமான் அறைக்கு வந்தான். ஒரு பெட்டி, குளிர்ச்சட்டை, சில கடிதங்கள், ஒரு சின்னத் தோல்பை. பட்டியலில் தோல்பையும் இருந்தது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நீயே திறந்து காட்டு என்றேன். திறந்தான். புகையிலை. தலையாட்டினேன். கட்டினான்.

அப்போது கேட்டேன். அன்று கண்ணாடிக்குப் பின்னால் நின்றது நான், பொய்த் தாளில் கையெழுத்து வைத்ததும் நான், மன்னித்துக்கொள் என்றேன். அவன் குளிர்ச்சட்டையின் சிப்பை ஏற்றினான், இறக்கினான்.

"கடிதம் எழுதினாய் என்று லொரெயின் சொன்னார்," என்றான். "எட்டு மாதம் எனக்குப் பெரிதில்லை. இருந்து பழகியவன். அன்று கல்லெல்லாம் சிவந்திருந்தது. நாங்கள் ஒன்பது பேர் பனிக்குள் நின்றோம். ஒரு காவலர் வந்து, உங்கள் மூத்தவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார், இனி வரமாட்டார் என்றார். நான் நம்பினேன். என்னை விட்டுப்போகாத ஒரே ஆளும் போய்விட்டார் என்று நினைத்தேன். நாலு மாதம் அவரை ஒவ்வொரு நாளும் வாய்விட்டுத் திட்டினேன். அதை அவரிடமும் சொன்னேன். அதை நீ எந்தக் கடிதத்தால் எடுப்பாய்?"

பதிலுக்கு அவன் நிற்கவில்லை. கையெழுத்து வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெளியே லொரெயினின் வான் நின்றது. அவர் இறங்கி வந்து பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

ஆக, தம்பி, பெரியம்மா, கும்பிடும் கை போட்ட எல்லாருக்கும்: ஓம், முப்பத்தொரு நாளும் காத்தேன். அதில் ஒரு நாள் அம்மாவின் சாம்பலைக் கிளறிய கையை நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், வாய் திறக்காமல். இதை வாசித்து முடித்தபிறகு, நல்ல பிள்ளை என்று எனக்கு எழுதவேண்டாம்.